நிலநடுக்கப் பாதுகாப்புச் சட்டம்: எழுதும்போதே நுழைந்துவிடும் தவறுகள்

1933 மார்ச் 10 மாலை கலிபோர்னியாவின் லாங் பீச் பகுதி குலுங்கியபோது பள்ளி விட்டு நேரமாகியிருந்தது. நொறுங்கிய வகுப்பறைகளில் குழந்தைகள் சிக்காமல் தப்பியதற்கு அது ஒன்றே காரணம். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, பொதுப் பள்ளிக் கட்டடங்களுக்கான ஃபீல்டு சட்டம் கையெழுத்தானது. வரைபடத்தை மாநில அலுவலகமே சரிபார்க்க வேண்டும். கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் ஒப்பந்தக்காரரைச் சாராத ஆய்வாளர் ஒருவர் தளத்தைக் கண்காணிக்க வேண்டும். வடிவமைத்தவர், கட்டியவர், ஆய்வு செய்தவர் என ஒவ்வொருவரும் வரைபடப்படியே வேலை நடந்தது என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அது பொய்யென்று தெரிந்தால் தண்டனை. இந்த மூன்றும் ஒரே சட்டத்தில் இருந்ததால் அது இன்றுவரை பலன் தருகிறது.

அதே அவசரத்தில் பல நாடுகளில் எழுதப்பட்ட வேறு சட்டங்கள் இந்தப் பலனைத் தரவில்லை. பெரும்பாலும் அவற்றின் நோக்கத்தில் குறை இருக்காது. யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் செலவில், செய்யாவிட்டால் என்ன என்ற நான்கில் ஒன்றைச் சட்டம் சொல்லாமல் விட்டிருக்கும். சட்ட முன்வரைவைப் படிப்பவர்களும், நகராட்சி விதிகளைத் திருத்துபவர்களும், கருத்துக் கேட்பில் மனு கொடுப்பவர்களும் முதலில் தேட வேண்டியது இந்த நான்கையும்தான்.

இனிமேல் கட்டுவதற்கு மட்டும் விதி எழுதுவது

இதுதான் ஆகப் பெரிய தவறு. புதிய கட்டடத்துக்குக் கடுமையான விதி போடுவது அரசியல் ரீதியாக எளிது, ஏனென்றால் எதிர்ப்புச் சொல்ல அந்தக் கட்டடத்தில் இன்னும் யாரும் குடியேறவில்லை. ஆனால் அடுத்த நிலநடுக்கத்தில் மக்கள் இருக்கப்போவது பெரும்பாலும் ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களில்.

ஜப்பான் 1981 ஜூனில் தன் கட்டட விதிகளை அடியோடு மாற்றியது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரம் குலுங்கியபோது 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி 1981க்கு முந்தைய விதிப்படி கட்டியவை. புதிய விதி சரியாக இருந்தும் பழைய வீடுகளை அது தொடவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பழைய கட்டடங்களை வலுப்படுத்த ஊக்குவிக்கும் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் தொடக்கத்தில் 'முயற்சி செய்ய வேண்டும்' என்ற அளவில்தான் நின்றது. பெரிய மருத்துவமனைகள், விடுதிகள், கடைகள் போன்றவை தங்கள் கட்டடத்தைச் சோதித்தே தீர வேண்டும், முடிவை அரசு வெளியிடும் என்பது 2013 திருத்தத்தில்தான் வந்தது. முடிவு பகிரங்கமாகும் என்றவுடன் உரிமையாளர்களிடம் வேகம் கூடும். தண்டத் தொகையைவிட இது பலமான கருவி என்பது எங்கள் கருத்து.

சட்டத்தில் கணக்கெடுப்புக்கென்று தனிப் பிரிவு இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பதிய வேண்டியவை: கட்டிய ஆண்டு, மாடிகளின் எண்ணிக்கை, செங்கல் சுவர் தாங்குகிறதா கான்கிரீட் தூண் தாங்குகிறதா என்பது, பகலிலும் இரவிலும் இருக்கும் ஆட்கள், தரைத்தளம் வாகன நிறுத்தத்துக்காகவோ கடைக்காகவோ சுவரின்றித் திறந்திருக்கிறதா என்பது, மண்ணின் தன்மை, பிற்காலத்தில் ஏற்றிய மாடிகள். பயிற்சி பெற்ற ஒருவர் தெருவில் நின்று பார்த்தே ஒரு கட்டடத்துக்குக் கால் மணி முதல் அரை மணி நேரத்தில் இதை முடிக்கலாம். அதில் சந்தேகத்துக்குரியவை மட்டும் பொறியாளரின் விரிவான ஆய்வுக்குப் போகும். எல்லாக் கட்டடத்துக்கும் முழு ஆய்வு என்று எழுதினால் ஆள் கிடைக்காது, பணமும் போதாது. பத்து ஆண்டு கழித்தும் பட்டியலே முடிந்திருக்காது.

தரைத்தளம் திறந்திருப்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியதற்குக் காரணம் உண்டு. மேல் மாடிகளில் சுவர்கள் இருப்பதால் அவை ஒரே பெட்டிபோல் விறைத்து நகர்கின்றன. அசைவு முழுவதும் சுவரில்லாத கீழ்த்தளத் தூண்களின் மேல் விழுகிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் வந்த 7.7 அளவு நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல இப்படித் தூண்கள்மேல் நின்றவை.

வலுவூட்டும் வேலையில் முழுக் கட்டடமும் முடியட்டும் என்று காத்திருப்பதும் தவறு. பழைய செங்கல் கட்டடங்களில் முதலில் உதிர்வது உச்சியில் உள்ள கைப்பிடிச்சுவரும் தெருப்பக்கச் சுவரின் மேல்பகுதியும். 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இறந்த 185 பேரில் ஏறத்தாழ 40 பேர் செங்கல் கட்டடங்கள் சரிந்ததால் இறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கட்டடத்துக்கு வெளியே, தெருவில் இருந்தவர்கள். கைப்பிடிச்சுவரைக் கூரைச் சட்டத்தோடு இரும்புத் துண்டால் பிணைப்பது முழு வலுவூட்டலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. 2016 நவம்பரில் மீண்டும் பெரிய அதிர்வு வந்த பிறகு, 2017இல் நியூசிலாந்து அரசு வெலிங்டன் உள்ளிட்ட சில இடங்களில் இந்தத் தெருப்பக்கப் பகுதிகளுக்கு மட்டும் குறுகிய கெடு வைத்து, செலவிலும் பங்கு கொடுத்தது. எந்த நாட்டுச் சட்டத்திலும் முதல் ஆண்டிலேயே செய்யக்கூடிய வேலை இது.

கடைசித் தேதியை மட்டும் எழுதி, இடைக் கெடுக்களை விட்டுவிடுவது

'15 ஆண்டுக்குள் வலுப்படுத்த வேண்டும்' என்று மட்டும் எழுதினால் 14ஆம் ஆண்டுவரை ஒன்றும் நடக்காது. பிறகு எல்லோரும் சேர்ந்து நீட்டிப்புக் கேட்பார்கள், கிடைத்தும் விடும். கலிபோர்னியா மருத்துவமனைகளுக்கு 1994இல் வகுத்த சட்டம் இடிந்து விழக்கூடிய கட்டடங்களை 2008க்குள் சரிசெய்யச் சொன்னது. அந்தக் கெடு பலமுறை தள்ளிப்போனது. நியூசிலாந்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அபாயம் மிகுந்த பகுதிக்கு 15 ஆண்டு, நடுத்தரப் பகுதிக்கு 25, குறைந்த பகுதிக்கு 35 என்று பிரித்தது. மருத்துவமனை, பள்ளி போன்ற முன்னுரிமைக் கட்டடங்களுக்கு, அபாயம் மிகுந்த பகுதியிலும் நடுத்தரப் பகுதியிலும் அதில் பாதிதான். பிரித்த விதம் நல்லது. ஆனாலும் 2024இல் நான்கு ஆண்டு நீட்டிப்பு கொடுக்க வேண்டிவந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் 2015ஆம் ஆண்டு ஆணை இதைவிடக் கெட்டியாக எழுதப்பட்டது. தரைத்தளம் திறந்த மரக் கட்டடங்களுக்கு மொத்தம் 7 ஆண்டு. அதற்குள் 2 ஆண்டில் வரைபடம் தர வேண்டும், மூன்றரை ஆண்டில் அனுமதி பெற வேண்டும். பழைய வகைக் கான்கிரீட் கட்டடங்களுக்கு 25 ஆண்டு. ஆனால் 3 ஆண்டில் முதல் விவரப் பட்டியல், 10 ஆண்டில் விரிவான ஆய்வு. உரிமையாளர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது ஒவ்வோர் ஆண்டும் நகராட்சிக்குத் தெரியும், நோட்டீஸ் அனுப்பவும் இடமுண்டு.

வலுவூட்டலுக்குக் கெடுவே வைக்காமல் உள்ளாட்சியின் விருப்பத்துக்கு விடுவது இன்னும் மோசம். கலிபோர்னியாவின் 1986ஆம் ஆண்டுச் செங்கல் கட்டடச் சட்டம், அபாயம் மிகுந்த பகுதியில் உள்ள நகரங்கள் 1990க்குள் பட்டியல் எடுத்து ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. என்ன திட்டம் என்பதை நகரமே முடிவுசெய்யலாம். சில நகரங்கள் கட்டாய வலுவூட்டலைக் கொண்டுவந்தன. சில, உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டன. 2003 டிசம்பர் 22 அன்று பாசோ ரோபிள்ஸ் நகரில் வலுப்படுத்தாத செங்கல் கட்டடம் ஒன்றின் சரிவில் இரண்டு பெண்கள் இறந்தபோது, அந்த நகரம் உரிமையாளர்களுக்குக் கொடுத்திருந்த கெடு முடிய இன்னும் பல ஆண்டுகள் பாக்கியிருந்தன.

கெடுவோடு பணத்துக்கும் வழி சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் வாடகைக் கட்டுப்பாடுள்ள வீடுகளில் வலுவூட்டும் செலவில் பாதியை மட்டும் குடியிருப்பவர்களிடம், மாதம் 38 டாலர் உச்சவரம்போடு வசூலிக்கலாம். இத்தாலியின் 2017 வரிச்சலுகைத் திட்டம் வேலைக்கு முன்னும் பின்னும் கட்டடத்தை அபாய வகுப்பில் தரம் பிரிக்கச் சொன்னது. 2024 வரை, இரண்டு வகுப்பு முன்னேறினால் சலுகை அதிகமாகக் கிடைத்தது. பூச்சு வேலையையும் வண்ணத்தையும் காட்டி மானியம் வாங்குவதைத் தடுக்க இந்த முன்-பின் ஒப்பீடு உதவுகிறது. மானியம் பற்றிய எந்தப் பிரிவிலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டுபவரே தன்னைச் சோதிப்பவரைத் தேர்ந்தெடுப்பது

1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் மர்மாரா பகுதியில் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2001இல் அந்த நாடு தனியார் ஆய்வு நிறுவனங்கள் வழியாகக் கட்டட மேற்பார்வைச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் 19 மாகாணங்களில் மட்டும். 81 மாகாணங்களுக்கும் விரிந்தது 2011இல். காகிதத்தில் நில உரிமையாளர்தான் ஆய்வு நிறுவனத்தை அமர்த்துவார். நடைமுறையில் கட்டுமான ஒப்பந்தக்காரர் கைகாட்டிய நிறுவனமே வரும். குறை சொல்லும் ஆய்வாளருக்கு அடுத்த வேலை கிடைக்காது. 2019 முதல்தான் கணினிக் குலுக்கலில் அமைச்சகம் ஆய்வு நிறுவனத்தை ஒதுக்கும் முறை வந்தது. 2023 பிப்ரவரி 6 அன்று 7.8, 7.5 அளவில் அடுத்தடுத்து இரண்டு நிலநடுக்கங்கள் வந்து 53,000க்கும் மேற்பட்டோர் துருக்கியில் மட்டும் இறந்தபோது, பாதிக்கப்பட்ட மாகாணங்களில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அந்த மாற்றத்துக்கு முன்பே எழுந்த கட்டடங்கள்.

ஜப்பானிலும் இந்த ஓட்டை இருந்தது. 2005இல் கட்டடக்கலைஞர் ஒருவர் வலிமைக் கணக்குகளைப் பொய்யாகத் தயாரித்ததும், ஆய்வு அமைப்புகள் அவற்றைக் கவனிக்காமல் அனுமதித்ததும் வெளிப்பட்டன. பெரிய கட்டடங்களின் கணக்கை இன்னொரு நிபுணர் குழு சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற விதி 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

எனவே சட்டத்தில் மூன்று செய்திகள் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஆய்வாளரை நியமிப்பது அரசு அலுவலகமோ குலுக்கலோ ஆக இருக்க வேண்டும். அவருடைய கட்டணம் ஒப்பந்தக்காரர் கைவழியாகப் போகாமல், முன்கூட்டியே செலுத்திய பொதுக் கணக்கிலிருந்து போக வேண்டும். மூன்றாவதாக, அவர் கையெழுத்தில்லாமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாத கட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும்: அடித்தளக் கம்பி, ஒவ்வொரு மாடியின் தூண் கம்பி, தூணும் பீமும் சேரும் மூட்டு, கூரைத் தளக் கம்பி. கான்கிரீட் ஊற்றியபின் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது. ஊற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். அங்கே அவர் தேட வேண்டியதும் தெளிவானது. தூணின் நிமிர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனைகள் 135 பாகை மடங்கி உள்ளே போயிருக்க வேண்டும். 90 பாகையில் மடக்கினால் வெளிப்பூச்சு உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும், நிமிர் கம்பிகள் பிதுங்கும், தூண் நொறுங்கும். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகள் நடுப்பகுதியைவிட நெருக்கமாக இருக்க வேண்டும், மூட்டுக்குள்ளும் தொடர வேண்டும். மூட்டுக்குள் ரிங் கட்டுவது சிரமமான வேலை, அதனால் அதிகம் விடுபடுவதும் அதுதான். கான்கிரீட் கலவையில் கூடுதல் தண்ணீர் சேர்ப்பதைத் தடுக்கவும், சோதனைக் கட்டிகளை ஆய்வாளரே எடுத்து முத்திரையிடவும் விதி வேண்டும்.

பொறுப்பு யாரோடு நிற்கிறது என்பதில் சிலியைப் பார்க்கலாம். அங்கே கட்டடத்தை முதலில் விற்றவர், கட்டமைப்புக் குறைகளுக்கு 10 ஆண்டு பொறுப்பாளி. 2010 பிப்ரவரி 27 அன்று 8.8 அளவில் வந்த நிலநடுக்கத்தில் சிலியின் நவீன உயர் கட்டடங்களில் மிகச் சிலவே இடிந்தன. அதற்கு இந்த ஒரு பிரிவு மட்டும் காரணமல்ல. ஆனால் விற்ற பிறகும் பொறுப்பு தொடரும் என்ற பயம் கட்டுமானத் தளம்வரை போய்ச் சேரும்.

விதிமீறலைப் பணம் வாங்கி வரைமுறைப்படுத்துவது

மேலே சொன்ன அத்தனையையும் ஒரே ஆணையில் அழித்துவிடும் தவறு இது. துருக்கி 2018இல் அனுமதியற்ற கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிப் பதிவுச் சான்று கொடுத்தது. 70 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றுகள் வழங்கப்பட்டன. கட்டடம் நிலநடுக்கம் தாங்குமா என்பது உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டமே சொல்லிவிட்டது, எந்தப் பொறியாளரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. தவிர்க்கவே முடியாமல் வரைமுறைப்படுத்த வேண்டி வந்தால், கட்டமைப்பு ஆய்வறிக்கை இல்லாமல் சான்று கிடையாது, அறிக்கை சொன்ன வேலை முடியும்வரை தற்காலிகச் சான்று மட்டும், கூடுதலாக ஏற்றிய மாடிக்கு எந்தச் சூழலிலும் விலக்கில்லை என்றாவது எழுத வேண்டும்.

நெறிமுறை இருக்கிறதே என்று நிம்மதியடைவது

தரநிலை என்பது வேறு, சட்டம் என்பது வேறு. இந்தியாவில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 1893, ஐ.எஸ். 13920 போன்ற நிலநடுக்கத் தரநிலைகள் மாநில, உள்ளாட்சிக் கட்டட விதிகள் கட்டாயமாக்கும்போதுதான் தனியார் கட்டடத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே உங்கள் உள்ளாட்சி விதியில் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், எந்த ஆண்டின் பதிப்பு என்றும் பாருங்கள். குறிப்பிட்ட ஆண்டைப் பூட்டி எழுதினால், தரநிலை திருத்தப்பட்ட பிறகும் விதி பழையதையே கேட்கும். 'அவ்வப்போது திருத்தப்பட்டவாறு' என்ற சொற்றொடரை விதியில் சேர்த்தால் இந்தச் சிக்கல் வராது.

நேபாளத்தில் 1988 நிலநடுக்கத்துக்குப் பின் கட்டட நெறிமுறை 1994இல் தயாரானது. கட்டடச் சட்டம் 1998இல் வந்தது. நகராட்சிகள் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது 2000களில். 2015 ஏப்ரல் 25 அன்று ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது நாட்டின் பெரும்பாலான வீடுகள் எந்த நெறிமுறையையும் பார்க்காமல் கொத்தனார் கைப்பழக்கத்தில் எழுந்தவை. அந்த நெறிமுறையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது: சிறு வீடுகளுக்குக் கணக்குப் போடாமலே பின்பற்றக்கூடிய அளவுகளும் கம்பி எண்ணிக்கையும் தனித் தொகுப்பாகத் தரப்பட்டன. பொறியாளர் இல்லாமல் வீடு கட்டும் இடங்களில் சட்டம் இத்தகைய எளிய தொகுப்பையும் கொத்தனார் பயிற்சியையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

உயிர் தப்புவதும் கட்டடம் இயங்குவதும் ஒன்றென நினைப்பது

பெரும்பாலான நாடுகளில் சாதாரணக் கட்டடத்துக்கான இலக்கு, உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பது மட்டும். பிறகு அந்தக் கட்டடத்தை இடிக்க நேர்ந்தாலும் விதி மீறப்படவில்லை. இதற்குப் பரவலாக எடுக்கப்படும் அதிர்வு, 50 ஆண்டில் 10 விழுக்காடு வாய்ப்புள்ளது. இதையே 475 ஆண்டு நிலநடுக்கம் என்பார்கள். '475 ஆண்டுக்கு ஒருமுறைதானே வரும்' என்று சட்டமன்றங்களில் பேசப்படுவது தவறு. நாளையும் வரலாம், அடுத்த ஆண்டு மறுபடியும் வரலாம்.

மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், குடிநீர் நிலையம் ஆகியவற்றுக்கு இந்த இலக்கு போதாது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சில்மாரில் உள்ள ஆலிவ் வியூ மருத்துவமனை புதிதாக இருந்தபோதே 1971 நிலநடுக்கத்தில் சிதைந்து, பின்னர் இடிக்கப்பட்டது. மிகக் கடுமையான விதிப்படி திரும்பக் கட்டியது 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தைப் பெரிய கட்டமைப்புச் சேதமின்றித் தாங்கியது; ஆனால் தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களும் குளிர்நீர்க் குழாய்களும் உடைந்து வெள்ளம் பாய்ந்ததால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் கலிபோர்னியச் சட்டம் அதனால்தான் குழாய், உள்கூரை, லிஃப்ட், மின்சாதனப் பிணைப்புகளையும் சேர்த்துக்கொண்டது. தண்ணீர், கழிவுநீர்த் தேக்கம், எரிபொருள் மூன்றும் 72 மணி நேரத்துக்கு வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் மருத்துவமனைகளுக்கான விதிகளில் உண்டு.

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையில் சட்டம் கட்டுவது

ஜப்பானின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் டோகாய் பகுதியின் பெரிய நிலநடுக்கத்தை முன்னறிந்து, பிரதமர் எச்சரிக்கை விடுத்து, ரயிலையும் கடைகளையும் நிறுத்துவது என்ற ஏற்பாட்டில் எழுதப்பட்டது. நிச்சயத்தோடு முன்னறிய முடியாது என்று 2017இல் அரசு ஏற்றுக்கொண்டு நடைமுறையை மாற்றியது. உடனடி எச்சரிக்கை இதிலிருந்து வேறுபட்டது: நிலநடுக்கம் தொடங்கிய பிறகு, வேகமான முதல் அலையைக் கருவி பிடித்து, அழிவு தரும் இரண்டாம் அலை வருவதற்குள் சில விநாடிகள் வாங்கித் தருவது. மையத்துக்கு மிக அருகில் அந்த விநாடிகளும் கிடைக்காது. எனவே எச்சரிக்கைக் கருவிக்குப் பணம் ஒதுக்கும் சட்டம், எச்சரிக்கைச் செய்தி வந்ததும் எரிவாயு வால்வு, ரயில், லிஃப்ட் தாமாக நிற்பதையும் சேர்த்துக் கட்டாயமாக்க வேண்டும்.

நிலம் பற்றிய விதியிலும் ஓர் அபாயத்தை மட்டும் பிடித்துக்கொள்வது வழக்கம். கலிபோர்னியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் உயிர்ப்புள்ள நிலப்பிளவின் மேல் மனிதர் வசிக்கும் கட்டடம் எழுவதைத் தடுத்தது. பொதுவாக 50 அடி தள்ளிக் கட்ட வேண்டும். 1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் கொட்டி நிரப்பிய மணல் நிலம் சேறுபோல் குழம்பி வீடுகள் சாய்ந்தன. மண் குழம்புதலையும் நிலச்சரிவையும் வரைபடமாக்கும் சட்டம் அடுத்த ஆண்டில் வந்தது. இரண்டு சட்டங்களிலும் மனை விற்பவர் இந்த விவரத்தை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக: விருப்பத்துக்கு விட்டால் பெரும்பாலானோர் எடுக்கமாட்டார்கள். நியூசிலாந்தில் வீட்டின் தீக்காப்பீட்டோடு இது தானாகவே சேர்கிறது. துருக்கியில் பத்திரப் பதிவுக்கும் மின், குடிநீர் இணைப்புக்கும் கட்டாயக் காப்பீட்டுச் சான்று கேட்கிறார்கள்.

நிலநடுக்கத்துக்கு மறுநாளை எழுதாமல் விடுவது

2010 செப்டம்பர் 4 அன்று கிரைஸ்ட்சர்ச் பகுதி முதல்முறை குலுங்கியபின் கட்டடங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சீட்டுகள் ஒட்டினார்கள். பச்சை என்பது அவசரப் பார்வையில் வெளிப்படையான சேதம் தெரியவில்லை என்று மட்டும் பொருள்படும். மக்கள் அதைப் 'பாதுகாப்பானது' என்று புரிந்துகொண்டார்கள். பச்சைச் சீட்டு பெற்ற, தொலைக்காட்சி நிலையம் இருந்த சி.டி.வி. கட்டடம் 2011 பிப்ரவரியில் முழுதாகச் சரிந்து 115 பேர் இறந்தனர்.

இந்தப் பிரிவை அமைதியான காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும். சீட்டு ஒட்டும் அதிகாரம் யாருக்கு, அது எத்தனை நாள் செல்லும், பச்சைக்குப் பின் எவ்வளவு காலத்துக்குள் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து விரிவான பொறியியல் ஆய்வு நடக்க வேண்டும், பெரிய பின்னதிர்வு வந்தால் பழைய சீட்டு தானாகச் செல்லாததாகுமா என்பவை அதில் வேண்டும். உதவிக்கு வரும் தன்னார்வப் பொறியாளர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு வேண்டும். இல்லாவிட்டால் தேவையான எண்ணிக்கையில் யாரும் வரமாட்டார்கள். சிவப்புச் சீட்டுக் கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் வாடகை கட்ட வேண்டுமா, பொருள்களை எடுக்க யார் துணையோடு உள்ளே போகலாம், இடிக்கும் உத்தரவை எத்தனை நாளுக்குள் எதிர்த்து முறையிடலாம் என்பவையும் அதே பிரிவில் இடம்பெற வேண்டும்.